ஞாயிற்றுக்கிழமை உலக்கை

தொம்.

போதகர் பெர்னார்ட் கண்ணைத் திறந்தார். ஜெபத்தின் நடுவில் அவர் கண்ணைத் திறக்கிறவர் அல்ல.

தொம். தொம்.

உலக்கைச் சத்தம். அதுவும் ஜெபக் கூட்டம் நடக்கிற அந்த வீட்டுப் பின்பக்கத்திலிருந்தே.

வீட்டுக்காரர் அமலநாதன் பின்பக்கம் திரும்பிப் பார்த்தார். ரெங்கத்தை அடுத்த ரப்பர் தோட்டத்தில் அவர் கணக்கெழுதும் கிராணி. ஆனால் அவர் தலை நிமிர்ந்து நடப்பது உத்தியோகத்தை நினைத்து அல்ல, தன் வீட்டு ஓய்வுநாளை நினைத்து. ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் அடுப்புக்கும் விடுமுறை. சோறு வடிப்பது, குழம்பு வைப்பது, தண்ணீர் இறைப்பது, சப்பாத்துக்கு மை போடுவது எல்லாம் சனிக்கிழமையே முடிந்துவிட வேண்டும். சட்டையில் பொத்தான் அறுந்தால் திங்கட்கிழமை வரை அறுந்தேதான் கிடக்கும்.

அவர் ஒருநாள் ஓய்ந்திருப்பதற்காக மனைவி இன்பராணி முந்தின நாள் இரண்டு நாள் வேலை செய்தாள். அது யார் கண்ணிலும் பட்டதில்லை.

இந்த ஒழுங்கைப் பார்த்துத்தான் போதகர் அவரைச் சபை மூப்பராக்குவது என்று முடிவு செய்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை பயணம் ஆகாது என்று சனிக்கிழமை ரயிலிலேயே ஜோகூர் பாருவிலிருந்து வந்து தங்கிவிட்ட மனிதர் அவர். இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் எல்லோர் முன்னிலும் அறிவிப்பதாக ஏற்பாடு.

தொம். தொம்.

"கிராணியாரே, அது என்ன சத்தம்?"

"தெரியலைங்க ஐயா. தோட்டத்து ஆளுங்க லயத்துல யாராச்சும் இடிப்பாங்க..."

"இல்லப்பா, நம்ம குசினியிலதான்," என்றாள் மகள் டோரிஸ். பொய் சொல்லக்கூடாது என்று அப்பாவே சொல்லி வளர்த்த பெண். "பேச்சியக்கா மாவு இடிக்கிறாங்க. எல்லா ஞாயித்துக்கிழமையும் வருவாங்க. நீங்க பக்கத்துத் தோட்டத்துக்கு ஜெபம் பண்ணப் போயிருவீங்கல்ல, அப்ப. உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

கூடத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பால்மரம் சீவும் பேச்சியம்மாளை எல்லோருக்கும் தெரியும். அவளுக்கு நிறைமாதம் என்பதும் தெரியும்.

"வாயும் வயிறுமா இருக்கிறவளைப் போயா இடிக்க விட்டிருக்காங்க?" என்றாள் ஒருத்தி, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி மெதுவாக.

"வீட்டம்மா எங்கே?" என்று போதகர் கேட்டார்.

"தலைவலின்னு படுத்திருக்கா, ஐயா."

சொன்ன பிறகுதான் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்று அமலநாதனுக்கு உறைத்தது. இவள் படுத்திருக்கிறாள். நிறைமாதக்காரி உலக்கை பிடிக்கிறாள்.

"நாம ஓய்ஞ்சு உக்காந்துக்கிட்டு வேலைக்காரிய வேலை வாங்குறதுக்குப் பேர் ஓய்வுநாள் இல்லை, கிராணியாரே," என்றார் போதகர். பிறகு, நிலைமையைச் சமாளிக்க ஒரு பாட்டைத் தொடங்கினார்.

பாட்டு ஓரடி போவதற்குள் உலக்கையின் தாளத்தில் மாட்டிக்கொண்டது. அமலநாதன் காலை மடக்கினார், நீட்டினார். எழுந்து ஜன்னலைச் சாத்தினார். சத்தம் குறையவில்லை. மறுபடியும் திறந்தார். பாட்டில் எந்த இடத்தில் இருக்கிறார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை.

சட்டென்று சத்தம் நின்றது. அவர் மூச்சு விட்டார்.

"ஏ புள்ள, என்னா சத்தத்தக் காணோம்? தூங்குறியா?"

வேலிக்கு அப்பாலிருந்து ஒரு குரல். பேச்சியம்மாளின் புருஷன் அர்ச்சுனன். கள்ளுக்கடையிலிருந்து நேரே வந்து, பெண்டாட்டிக்குக் கிடைக்கும் கூலி அரிசியை வாங்கிப்போக ரப்பர் மரத்தடியில் குந்தியிருந்தான்.

தொம், தொம், தொம். இப்போது முன்னைவிட வேகமாக.

"நான் போயி நிறுத்திட்டு வந்துர்றேன், ஐயா."

அறையில் இன்பராணி இல்லை. பாயும் இல்லை. அடுப்பு இருந்த குசினியின் கதவு உள்ளே தாழிட்டிருந்தது.

"இன்பம், கதவத் திற."

கதவு ஓர் ஆள் நுழையும் அளவுக்குத் திறந்தது.

காணாமல்போன பாய் அங்கே விரித்திருந்தது. அவருடைய தலையணையில் தலை வைத்து, வயிற்றின்மேல் ஒரு கையைப் போட்டுக்கொண்டு, வாய் திறந்தபடி பேச்சியம்மாள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

இன்பராணியின் கையில் உலக்கை. ரவிக்கை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. உரலில் அரிசி இல்லை, வெறும் உமி.

"மெதுவா," என்றாள். "வீட்ல இருந்தா இவ புருஷன் விறகு பொறுக்கப் போன்னு அடிக்கிறான். இங்க வேலைன்னாதான் விடுறான். சத்தம் நின்னா உள்ள வந்துருவான்."

"ஐயா வந்திருக்கிற அன்னிக்கா?"

"இன்னிக்கு வேணாம்னுதாங்க நினைச்சேன். அவ கால் வீங்கிப்போய் வாசல்ல வந்து நின்னா. எனக்கு மனசு கேக்கல."

"அதுக்காக ஞாயித்துக்கிழமை..."

"ஞாயித்துக்கிழமைதான். இந்த வீட்ல இன்னிக்கு உண்மையா ஓய்வெடுக்கிறது இவ ஒருத்திதாங்க. எழுப்பிறாதீங்க."

அவள் உள்ளங்கையில் கொப்புளம் உடைந்திருந்தது. எத்தனை ஞாயிற்றுக்கிழமைக் கொப்புளமோ.

"ஏ புள்ள!" வேலிப் படல் கிறீச்சிட்டது.

கூடத்தில் பாட்டு முடிந்துவிட்டது. போதகர் அறிவிப்புக்காகக் காத்திருந்தார். கிராணியாரைக் காணோம்.

தொம்.

இது வேறு மாதிரி இருந்தது. பலமாக, தாளம் தப்பி, பழக்கமில்லாத கை இடிப்பதுபோல.

"நிறுத்தப் போனவர் எங்கேம்மா?" என்றார் போதகர்.

டோரிஸ் ஓடிப்போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். போதகரின் காதருகே குனிந்து ரகசியமாகச் சொன்னாள்.

"பேச்சியக்கா தூங்குறாங்க. அம்மா உக்காந்திருக்காங்க. அப்பா இடிக்கிறாங்க."