மானுக்குக் கட்டிய கேமரா

"இத்தனை நாளா இதை எங்கே வெச்சிருந்தீங்க?"

வக்கீல் நடீனுக்குத் தலை சுற்றியது. விசாரணை தொடங்கிய பிறகு, கட்சிக்காரர் எம்மெட் சட்டைப் பையிலிருந்து ஒரு மெமரி கார்டை எடுத்து நீட்டினால் வேறென்ன செய்யும்?

"மானைப் பார்க்க மரத்துல கேமரா கட்டியிருக்கேன்ல, அதோடது. காரை இடிச்சது இதுல பதிஞ்சிருக்கு. குடுக்க மறந்துட்டேன்" என்றார் எம்மெட், தலையைச் சொறிந்தபடி.

"மறந்துட்டாராம்!" மனைவி லொரேன் பல்லைக் கடித்தாள். "அந்தக் கேமராவைப் பாரு பாருன்னு கரடியா கத்தினேன். எங்கப்பா கார் அப்பளமா நொறுங்கிக் கிடக்கு, இவருக்கு மறந்துபோச்சாம்!"

அப்பா விட்டுப்போன பழைய கார். பனி கொட்டிய ஒரு காலையில் வாசலில் நசுங்கிக் கிடந்தது. பக்கத்து வீட்டு ஹார்லன்தான் அந்தத் தெரு முழுக்கத் தன் வண்டியால் கூலி வாங்காமல் பனி தள்ளுபவர். 'அவர் வண்டிதான் இடிச்சது' என்று லொரேன் ஒற்றைக் காலில் நின்று எம்மெட்டை வழக்குப் போட வைத்தாள். தோற்றால் ஹார்லன் அந்த வண்டியை விற்றுத்தான் நஷ்டஈடு கட்ட வேண்டும்.

கையிலிருக்கும் ஆதாரத்தை எல்லாம் விசாரணைக்கு முன்பே எதிர்த்தரப்புக்குக் காட்டிவிட வேண்டும், கடைசி நேரத்தில் நீட்டினால் செல்லாது என்று எம்மெட்டிடம் நடீன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். என்ன பிரயோஜனம்!

ஆனது ஆகட்டும் என்று எழுந்தாள். "கனம் நீதிபதி அவர்களே, ஒரு வீடியோ..."

ஹார்லனின் வக்கீல் துள்ளி எழுந்தார். "கூடாதுங்க! எங்களுக்குக் காட்டவே இல்லை. ஒளிச்சு வெச்சிருந்து இப்போ முதுகுல குத்தறாங்க!"

நீதிபதி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "ஏன் முன்னாடியே குடுக்கலை?"

"மறந்துட்டேங்கய்யா."

"மறதி ஒரு காரணமா? அந்தப் படம் இங்கே ஓடாது."

வேறு சாட்சி இல்லை. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே வழக்கு தள்ளுபடி. ஹார்லனின் வக்கீல் ஊரையே ஜெயித்தவர்போல டையைச் சரிசெய்துகொண்டார்.

"இன்னிக்கு உன் சோத்தை நீயே பொங்கிக்கோ!" என்று லொரேன் விடுவிடுவென வெளியே போய்விட்டாள்.

நடீனுக்கும் ஆத்திரம்தான். நறுக்கென்று நாலு வார்த்தை கேட்கலாம் என்று திரும்பினாள். ஹார்லன் கண்ணைத் துடைத்துக்கொண்டே படியிறங்குவதை எம்மெட் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

அவளுக்குச் சுருக்கென்றது. 'சே, இந்த மனுஷனைப் போய் முட்டாள்னு நினைச்சேனே!'

"எம்மெட், நிஜத்தைச் சொல்லுங்க. நீங்க மறக்கலை. ஹார்லன் வண்டி போயிடக்கூடாதுன்னு வேணும்னேதானே கடைசி நேரம் வரைக்கும் ஒளிச்சு வெச்சீங்க? உங்களை மாதிரி பக்கத்து வீட்டுக்காரர் கிடைக்க அவர் குடுத்து வெச்சிருக்கணும்."

எம்மெட் வாசலை எட்டிப் பார்த்தார். லொரேன் கண்ணுக்கெட்டிய தூரத்தில் இல்லை. குரலைத் தாழ்த்தினார்.

"அட, நீங்க வேற வக்கீலம்மா! அந்தப் படத்துல ஹார்லனே கிடையாது. என் டிராக்டரைப் பின்னால எடுத்து அந்தக் காரை நசுக்கினது நான்தான்!"