இன்னும் ஒரே ஒரு கோடை

"பிரி. மறுபடி மடி," என்றார் லஸாத்.

ரிஹாப் பல்லைக் கடித்துக்கொண்டு நாப்கினைப் பிரித்தாள். காலையிலிருந்து நாற்பது மேசைக்கு மடித்தாகிவிட்டது. ஜெர்மன்காரர்கள் வாயைத் துடைத்துக் கசக்கிப் போடப்போகிற துணிக்கு இத்தனை அலங்காரம் எதற்கு என்று கேட்க நாக்கு துடித்தது. ஆனால் இன்றைக்கு மட்டும் இந்த மனுஷனைப் பகைத்துக்கொள்ளக் கூடாது.

ஹம்மாமத் கடற்கரை ஓட்டலின் உணவகத்தில் அவளுடைய இரண்டு மாதக் கோடைப் பயிற்சி இன்றோடு முடிகிறது. மதிப்பீட்டுத் தாளின் கீழே உள்ள கட்டத்தில் ஒரு கையெழுத்து விழுந்தால் ஓட்டல் கல்லூரியில் பட்டயம் கிடைக்கும். விழாவிட்டால் அடுத்த வருஷம் பயிற்சியை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதுதான்.

நன்றாகச் செய்தால் நிரந்தர வேலையே தருவதாக மேலாளர் ரவூஃப் முதல் நாளே சொல்லியிருந்தார். ஊரில் அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லி, பாதி வீடுகளுக்கு மக்ரூத் இனிப்பும் செய்து கொடுத்துவிட்டாள்.

அவளுக்கு வேலை சொல்லிக்கொடுத்த இந்த லஸாத் ஒருவர்தான் குறுக்கே நின்றார். "ஸி லஸாத், கொஞ்சம் பாருங்களேன்" என்று மரியாதையாகத்தான் தாளை நீட்டுவாள். "நாளைக்குப் பார்க்கலாம்" என்பார். பத்து நாளாக அந்த 'நாளைக்கு' வரவேயில்லை.

முப்பதைத் தாண்டிய ஆள், காதோரம் நரை. கரண்டி ஒரு விரற்கடை நகர்ந்திருந்தாலும் கண்ணில் பட்டுவிடும். சமையற்கட்டில் அவரை "முதலாளி" என்றுதான் கூப்பிடுவார்கள், கூப்பிட்டுவிட்டுத் தங்களுக்குள் சிரித்துக்கொள்வார்கள். இப்படி உயிரை எடுக்கிற ஆளைப் பார்த்தால் சிரிக்கத்தான் செய்வார்கள் என்று ரிஹாப் நினைத்துக்கொள்வாள்.

சாப்பிடும்போதாவது விட்டாரா என்றால் அதுவும் இல்லை. ஊழியர்கள் உட்கார்ந்து சாப்பிட அங்கே ஒரு கூடம் இருந்தது. பயிற்சிக்கு வந்தவர்களுக்கு அதில் இடம் கிடையாது. விருந்தினர்கள் மிச்சம் வைத்த கூஸ்கூஸ் ரவைச் சோற்றைத் தட்டு கழுவும் தொட்டி ஓரமாக நின்றபடியே விழுங்க வேண்டும்.

தினமும் லஸாத் தன் தட்டைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்து, அவள் பக்கத்தில் நின்று சாப்பிடுவார். ஒரு துண்டு கறி கூடுதலாக எடுத்துவிடுவாளோ என்று கண்கொத்திப் பாம்பாய்க் காவல். ரிஹாபுக்குப் பாதிச் சோறு இறங்காது.

மத்தியானப் பந்தி முடிந்து மேசைகளைத் துடைத்ததும் மறுபடி தாளை எடுத்துக்கொண்டு போனாள்.

"ஸி லஸாத், இன்னைக்குத்தான் கடைசி. நாளைக்குக் காலையில காலேஜ்ல குடுத்தாகணும்."

அவர் தாளைத் தொடக்கூட இல்லை. "மேல ஸி ரவூஃப் இருக்காரு. அவர்கிட்ட போய்க் கேளு."

"சொல்லிக் குடுத்தது நீங்கதானே? அவருக்கு என் பேருகூடத் தெரியாது."

"போம்மா. போய்க் கேட்டுட்டு வா."

ரவூஃப் சிரித்த முகமாக வரவேற்று நாற்காலியைக் காட்டினார். இந்த இரண்டு மாதத்தில் அவளை உட்காரச் சொன்ன முதல் ஆள் அவர்தான். தாளை வாங்கி மேலும் கீழும் பார்த்தார். பேனாவையும் திறந்தார். ரிஹாபுக்கு அம்மாவின் முகம் ஒரு கணம் கண்ணில் வந்து போனது.

பேனாவை மூடி வைத்துவிட்டார்.

"வேலை நல்லாத்தான் செய்யறே. ஆனா இன்னும் கொஞ்சம் பழகணும், பொண்ணே. இன்னும் ஒரே ஒரு கோடை வா. கையெழுத்து, வேலை ரெண்டையும் சேர்த்தே குடுத்துடறேன்."

"என்ன குறைன்னு சொன்னா திருத்திக்கிறேன், ஸி ரவூஃப்."

"லஸாத்கிட்ட கேளு. அவனுக்கு எல்லாம் தெரியும்."

ஓ, அப்படியா சங்கதி. இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினாள்.

லஸாத் கடைசி மேசைக்கு விரிப்பு போட்டுக்கொண்டிருந்தார். ரிஹாப் தாளை அதன்மேல் வைத்தாள். அடக்கி வைத்திருந்த அழுகை பொங்கிவிட்டது.

"நீங்கதானே மேல வத்தி வெச்சீங்க? ஒரு நாள் லீவு கேட்டிருப்பேனா? நாய் மாதிரி நின்னுட்டே தின்னேன். எங்கம்மாகிட்ட இப்ப நான் என்னன்னு சொல்லுவேன்? ஒரு கையெழுத்துப் போட்டா உங்க சொத்தா குறைஞ்சிடும்?"

அவர் கோபப்படவில்லை. விரிப்பின் சுருக்கத்தைக் கையால் நீவிக்கொண்டே கேட்டார்.

"என்ன சொன்னாரு?"

"இன்னும் ஒரே ஒரு கோடை வரணுமாம். அப்புறம் எல்லாத்தையும் சேர்த்துத் தருவாராம்."

லஸாத் சட்டையின் உள்பையிலிருந்து நாலாக மடித்த ஒரு தாளை எடுத்தார். மடிப்புகள் கிழிந்து, பசைநாடா ஒட்டியிருந்தது. அவள் தாள் பக்கத்திலேயே அதையும் விரித்து வைத்தார்.

அதே கல்லூரி. அதே அச்சு. கீழே அதே கட்டம், காலியாக.

"அவரோட அந்த ஒரே ஒரு கோடை, எனக்கு இது ஒன்பதாவது, தங்கச்சி."