பல் டாக்டரின் ஒற்றைச் சக்கரம்

“ஊருக்கெல்லாம் பல்லு கட்டி விடுறவர், உங்க பல்லை நீங்களே உடைச்சுக்கப் போறீங்களா?”

மனைவி கேட்டதைப் பல் டாக்டர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. வாங்கி வந்த ஒற்றைச் சக்கர சைக்கிளின் சீட்டைத் தொப்புள் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தார். ஐம்பத்திரண்டு வயசில் வந்த ஆசை!

மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விபத்தில் கால் ஒடிந்த மகள் நாலு மாசமாக வீட்டுக்குள்ளேயே கிடக்கிறாள். எலும்பு சேர்ந்தாச்சு, நடக்கணும். “தெருவுல விழுந்தா எல்லாரும் சிரிப்பாங்கம்மா” என்று ஒரே அழுகை.

இந்த லட்சணத்தில் அப்பாவுக்கு விளையாட்டு கேட்கிறது.

“கண்ணு, பிடிச்சுக்க ஆள் இல்லடா. வாசல் வரைக்கும் வாயேன்.”

மகள் ஊன்றுகோலோடு வந்தாள். அவர் ஏறினார். தொப்! எதிர்வீட்டுத் தையல்காரர் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அப்பாவைத் தூக்கிவிட மகள் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்தாள்.

தினமும் சாயங்காலம் இதே கூத்து. முட்டியில் பிளாஸ்திரி, முழங்கையில் பிளாஸ்திரி. மூணு வாரமாகியும் பத்தடி தாண்டவில்லை. மனைவிக்குத் தெருவில் தலைகாட்ட முடியவில்லை.

ஒரு நாள் அவர் கிளினிக் போனதும் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு கடைக்கே போய்விட்டாள்.

“இதைத் திருப்பி எடுத்துக்கோங்க. அந்த மனுஷனுக்கு இந்த ஜென்மத்துல ஓட்ட வராது.”

கடைக்காரர் முழித்தார்.

“யாருக்கு, பல் டாக்டருக்கா? நல்லா சொன்னீங்க போங்க! இருந்த அத்தனையிலும் ஏறி, கடையைச் சுத்திச் சுத்தி வந்தாரேம்மா! காலேஜ்ல பழகினதாம். பெரிய சக்கரமா எடுங்க, பறக்கலாம்னேன். ‘வேணாம்ப்பா, விழறதுக்குத் தோதா சின்னதா ஒண்ணு குடு’ன்னாரு. எனக்கு ஒண்ணும் புரியல.”

அவளுக்குப் புரிந்தது. சைக்கிளைத் திரும்பத் தூக்கிக்கொண்டாள்.

தெருமுனையில் மகள் நின்றிருந்தாள். கையில் ஊன்றுகோல் இல்லை.

“இதை எங்கம்மா கொண்டு போனே? நானே தேடிட்டு வந்தேன். நான் பிடிக்கலேன்னா அப்பாவுக்கு நிக்கக்கூட வராது, தெரியும்ல?”

“சீட்டு ஆடுச்சுடி. முடுக்கிட்டு வந்தேன்.”

சாயங்காலம் டாக்டர் சைக்கிளில் ஏறப்போனார். மனைவி கிட்டே போய் அவர் காதில் கிசுகிசுத்தாள்.

“இன்னைக்கு இடது பக்கமா விழுங்க. வலது முட்டி இன்னும் ஆறலை.”