திரும்பி வந்த குரல்

"நீ கூப்பிடு. பாறை என்ன சொல்லுதுன்னு நான் கேக்கறேன்," என்று கணவர் கண்களை மூடிக்கொண்டார்.

மனைவி தொண்டையைத் தடவிக்கொண்டாள். அறுவை சிகிச்சையின் தையல் ஆறிவிட்டது, குரல்தான் தேறவில்லை. பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் வண்டிகளை அறிவிக்கிற வேலை அவளுக்கு. மாதக் கடைசியில் குரல் சோதனை. அதில் தேறாவிட்டால் வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

மருத்துவர் ஒரு பயிற்சி சொல்லிக்கொடுத்திருந்தார். ஒருவர் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், அவள் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். அமைதியான இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருந்தார். வீட்டில் எங்கே அமைதி? ஒரே சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த குடித்தனம். தகரத்தைத் தரையில் இழுப்பது போன்ற அந்தக் கம்மல் குரலை யார் காதிலும் போட அவளுக்கு மனமில்லை. போதாக்குறைக்கு அவள் தம்பி வந்து, "அக்கா வாயத் தெறக்கலன்னா மாமாவுக்குத்தான் லாபம்," என்று கேலி செய்துவிட்டுப் போனான். சிரிக்கப் போனாள், சிரிப்பிலும் சத்தம் வரவில்லை. சமையலறையில் போய் நின்று அழுதாள்.

அதன் பிறகுதான் கணவர் இந்த இடத்தைத் தேடிப் பிடித்தார். தெருக்கோடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் முட்புதருக்குள் ஒரு ஒற்றையடிப் பாதை. அது போய் முடிகிற இடத்தில் ஒரு குளம். அக்கரையில் செங்குத்தாக ஒரு பாறை. இத்தனை வருடம் குடியிருந்தும் தெருவில் ஒருவர்கூட இதைப் பற்றிச் சொன்னதில்லை. தவளைச் சத்தம் கிடையாது, பறவைச் சத்தம் கிடையாது. முதல் நாள் இருவரும் புல்லில் சாய்ந்தவுடன் அவள் அப்படியே தூங்கிப்போனாள். வீட்டில் அப்படித் தூங்கி வெகுநாள் ஆகியிருந்தது.

பாறையைப் பார்த்ததும் கணவருக்கு உற்சாகம் தாங்கவில்லை. பயிற்சியையே மாற்றிவிட்டார்: அவள் கூப்பிட வேண்டும், பாறை திருப்பிச் சொல்லும். துறைமுகத்தில் கடலின் ஆழம் அளக்கும் படகில் அவருக்கு வேலை. தண்ணீருக்குள் ஒரு சத்தத்தை அனுப்பினால் அது தரையில் மோதித் திரும்பும். சீக்கிரம் திரும்பினால் ஆழம் குறைவு, தாமதித்தால் அதிகம். இதை அவர் தன் கல்யாணத்தன்று பந்தியிலேயே பாதி உறவுக்கு விளக்கியவர்.

"எங்க வேலையில ஒரு பழக்கம் உண்டு," என்றார் அவளிடம். "அனுப்பற சத்தத்தைக் காதுல வாங்கவே கூடாது. அது நம்மள ஏமாத்தும். திரும்பி வர்றது மட்டும்தான் கணக்கு."

அதனால் அவர், அவள் இருக்கும் பக்கத்துக் காதை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, பாறையைப் பார்த்துத் திரும்பி, கண்ணை மூடிக்கொள்வார். அவள் உதடு அசைவதைக்கூடப் பார்க்க மாட்டார்.

"ஏங்க," என்று அவள் தேய்ந்த குரலில் கூப்பிட்டாள். அக்கரையிலிருந்து "ஏங்க" என்று வந்தது. கம்மலே இல்லை. பழைய நாளில் பேருந்து நிலையம் முழுக்கக் கேட்ட அதே குரல்.

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் பொறுமையாக விளக்கினார். கம்மல் என்பது காற்று கலந்த சத்தம். தூரம் போகப் போக அது உதிர்ந்துவிடும், கெட்டியான பகுதி மட்டுமே திரும்பும். ஆகவே உள்ளே குரல் பத்திரமாக இருக்கிறது.

தினமும் மாலையில் வந்தார்கள். நாளுக்கு நாள் பாறையின் குரல் தெளிந்துகொண்டே போனது. அவளுடையது இன்னும் தேய்ந்தது.

"எனக்கென்னமோ பயமா இருக்குங்க," என்றாள் ஒரு நாள், வீடு திரும்பும் வழியில். "கூப்பிடும்போதெல்லாம் அந்தப் பக்கத்துலேருந்து யாரோ என்னைப் புடிச்சு இழுக்கற மாதிரி இருக்கு."

"பயிற்சி பண்ணினா களைப்பு வரத்தான் செய்யும்," என்றார்.

சோதனைக்கு முந்தின நாள், வழக்கம்போல அவர் காதைப் பொத்தி, கண்ணை மூடினார். அவள் வெகுநேரம் தயங்கினாள். பிறகு, பொத்திய கையையும் மீறி, பக்கத்திலேயே கேட்டது: "ஏங்க." மணி மாதிரி, கணீரென்று.

அவர் கண்ணைத் திறந்தார். அவள் சிரித்தபடி நின்றாள். பாறை மட்டும் ஏனோ அன்று பதில் தரவில்லை. தண்ணீர்மேல் வெயில் சூடு நின்றால் சத்தம் மேலே வளைந்து போய்விடும், அதுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார்.

"குரல் வந்துடுச்சு," என்றார், நம்ப முடியாமல்.

"வந்துடுச்சு."

"நாளைக்கு மைக் முன்னாடி உக்காந்து அசத்திடலாம்."

"அசத்திடலாம்."

"உன் தம்பி வாயை அடைக்கலாம்."

"அடைக்கலாம்."

"இருட்டப் போகுது, வா."

"வா," என்றாள் அவளும். சந்தோஷத்தில் புருஷனுக்குத் தரும் மரியாதைகூடப் பறந்துவிட்டதே என்று அவர் வாய்விட்டுச் சிரித்தார். அவள் கையைப் பிடித்துக்கொண்டார். குளத்துக் காற்றில் அது சில்லென்றிருந்தது.

ஒற்றையடிப் பாதை திரும்பும் இடத்தில் விளையாட்டாக நின்று, பாறையைப் பார்த்து, "ரொம்ப நன்றி, நாங்க கெளம்பறோம்," என்று சத்தமாகச் சொன்னார்.

அவள் கையைப் பிடித்தபடியே பாதைக்குத் திரும்பினார். பிறகு, தகரத்தைத் தரையில் இழுப்பது போன்ற ஒரு கம்மல் குரல் அக்கரையிலிருந்து கெஞ்சியது.

"ஏங்க, நான் இங்க இருக்கேன். நீங்க யாரைக் கூட்டிட்டுப் போறீங்க?"