வாடாமல்லிக் கட்டம்

"இன்னாடி இது, வூடு பூரா முடி பொசுங்குற நாத்தம்?"

கோயிலிலிருந்து வந்த அம்மா, செருப்பைக் கழற்றும்போதே கேட்டாள்.

நீலாஞ்சனா அவசரமாகத் தீக்குச்சியை ஊதி அணைத்தாள். கருகிய நூலைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டாள்.

பருத்தி நூலைக் கொளுத்தினால் காகிதம் எரிகிற வாசனை வரும். பட்டு நூல் என்றால் முடி பொசுங்குகிற வாசனை.

இது பட்டு. சந்தேகமே இல்லை.

அவள் மடியில் கிடந்தது ஒரு ஒட்டுப்போர்வை. உள்ளே பஞ்சு, மேலே கட்டம் கட்டமாகத் துண்டுத்துணி. காலேஜில் சேர்ந்த வருஷம் ஆரம்பித்தது. ஆரம்பித்த வேகத்தில் துணிகளைச் சதுரம் சதுரமாக வெட்டிக் குவித்தாள். அதே வேகத்தில் குரோஷா பை பின்னப் போய்விட்டாள். பைக்குக் கைப்பிடி வருவதற்குள் மஃப்ளர். மஃப்ளர் முழம் நீள்வதற்குள் இன்னொன்று.

எல்லாம் கட்டிலுக்கு அடியில் ஒரு பச்சை சூட்கேசுக்குள் போய்ச் சேர்ந்தன. அண்ணன் ஜீவகன் அதற்கு 'அரைவேக்காட்டு மியூசியம்' என்று பேர் வைத்திருந்தான். ஊர்க் கோட்டையைப் பார்க்க வருகிறவர்களை இங்கேயும் கூட்டி வந்து டிக்கெட் போடலாம் என்பான்.

இந்த மாசம் அவளுக்கு ரோஷம் வந்துவிட்டது. இனி புது நூல் வாங்குவதில்லை. பெட்டியில் இருப்பதையெல்லாம் முடித்தே தீருவது.

முதலில் போர்வை. ஏனென்றால் நாளை காலை அம்மா பத்து நாள் விரதத்துக்கு மேல்சித்தாமூர் சமண மடம் போகிறாள். மழைக்காலம், சில்லென்ற தரையில் படுக்கை, அம்மாவுக்கோ இடுப்பு வலி. அடியில் விரித்துக்கொள்ள இது இருந்தால் போதும்.

"நீ மட்டும் இத்த முடிச்சுட்டின்னா, நான் ராஜகிரிக் கோட்டை மலைய முட்டி போட்டே ஏறுறேன்" என்று ஜீவகன் சவால் விட்டிருந்தான்.

இன்னும் ஒரு பக்க ஓரம்தான் பாக்கி. எவ்வளவு தூரம் வந்துவிட்டோம் என்ற பூரிப்பில் போர்வையை ஒரு தடவு தடவினாள். நட்டநடுவில் வாடாமல்லி நிறக் கட்டம் ஒன்று விரலுக்கு வழுக்கிக்கொண்டு போனது.

அப்போதுதான் ஒரு நூலை உருவிக் கொளுத்திப் பார்த்தாள்.

அம்மா பட்டைத் தொட்டு நான்கு வருஷம் ஆகிறது. பெண் துறவி ஒருவர் முன்னால் கைகூப்பி நின்று, இனி பட்டு உடுத்துவதில்லை என்று விரதம் எடுத்தவள். ஒரு புடவைக்காக எத்தனை புழுவை வெந்நீரில் போடுகிறார்கள் என்று சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனாள். அந்த வாரமே பீரோவைக் காலி செய்தாள். கூறைப்புடவை உட்பட எல்லாம் எதிர்வீட்டு வசந்தா அக்காவிடம் போய்விட்டன. இப்போதெல்லாம் கல்யாண வீட்டில் பட்டுப்புடவையில் யாராவது பக்கத்தில் உட்கார்ந்தால், நாற்காலியை நகர்த்திப் போட்டுக்கொள்வாள்.

அப்பேர்ப்பட்ட அம்மா, விரத நாளில், பத்து ராத்திரி பட்டின் மேல் படுப்பதா?

சொல்லாமல் விட்டால் யாருக்கும் தெரியப் போவதில்லை. சொன்னால் பிரிக்க வேண்டும். நடுக்கட்டத்தைப் பிரித்தால் பஞ்சு பிதுங்கும், நாளைக்குள் முடியாது. அவள் முடிக்கப்போகிற முதல் பொருளும் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும்.

அம்மா உள்ளே வந்து நின்றாள்.

நீலாவுக்கு மனசு கேட்கவில்லை.

"அம்மா, திட்டாத. இதுல ஒரு பட்டுத்துண்டு கலந்துட்டுது. டெய்லர் பாவாடை அண்ணன் தையக்கடையில குடுத்த வெட்டுத்துணி மூட்டையில வந்திருக்கும். அவசரத்துல பாக்காம தச்சிட்டேன்."

அம்மா திட்டவில்லை. ஹாலில் ஜீவகன் கிரிக்கெட் பார்ப்பதை எட்டிப் பார்த்தாள். கதவைச் சாத்தினாள். பக்கத்தில் உட்கார்ந்து, வாடாமல்லிக் கட்டத்தின் மேல் விரலை வைத்தாள். எடுக்கவில்லை.

"பாவாடைய ஏன்டி இழுக்குற? நான்தான் வெச்சேன்."

நீலா வாயைப் பிளந்தாள்.

"கூறைப்புடவை. வசந்தாவுக்குக் குடுக்குறதுக்கு முன்னாடி, இடுப்புல சொருகுற முனையில ஒரு சாண் வெட்டிக்கினேன். கட்டிக்க இல்லடி. சும்மா, இருக்கட்டுமேன்னு."

"பீரோல வெக்கிறதுதானே?"

"அத்த உங்க நைனா ஒரு நாளைக்குப் பத்து வாட்டி தொறப்பாரு. அரிசி டிரம்ம உங்க அண்ணன் கொடைவான். இந்த வூட்டுலயே யாரும் தொறக்காத எடம் உன் பொட்டிதான். அதான் உன் துண்டுங்க அளவுக்கே வெட்டி உள்ள சேத்துட்டேன். நீ முடிப்பன்னு நான் கனவா கண்டேன்?"

நீலாவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. தலையணையை வாயில் வைத்து அமுக்கிக்கொண்டாள். அம்மாவும் அவள் தொடையில் ஒரு அடி போட்டுவிட்டுக் கூடவே சிரித்தாள்.

பிறகு பிளேடை எடுத்து, பட்டில் ஒரு இழைகூட அறுந்துவிடாமல், அம்மாவே தையலைப் பிரித்தாள். நீலா தன் பழைய நீலச் சுடிதாரிலிருந்து ஒரு சதுரம் வெட்டிக் கொடுத்தாள். நடுவில் அம்மா, ஓரத்தில் மகள். பொழுது சாய்ந்தால் சாப்பிடாத வீடு என்பதால் இரண்டு ஊசியும் பறந்தன.

போர்வை முடிந்தது.

நிஜமாகவே முடிந்தது. நீலா அதை நான்கு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அம்மா வாடாமல்லித் துண்டை நான்காக மடித்து உள்ளங்கைக்குள் வைத்திருந்தாள். கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினாள்.

"நீலா, வேற எதனா பாதியில நிக்குதா?"

நீலா சூட்கேசை இழுத்தாள். மேலாகவே ஒரு ஸ்வெட்டர், ஒற்றைக் கையோடு. நாளைக்கு முடிக்கலாம் என்று நூல்கண்டெல்லாம் எடுத்து வைத்திருந்தாள்.

அம்மாவிடமிருந்து துண்டை வாங்கி அந்த ஒற்றைக் கைக்குள் செருகினாள். நூல்கண்டுகளையும் உள்ளே போட்டு, பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் சுவர் வரைக்கும் தள்ளிவிட்டாள்.