கடைசி இலக்கம்

பழைய ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு விலை சொல்வதில் மதிப்பீட்டாளர் பலே கில்லாடி. முதலில் காருக்கடியில் படுத்து கியர்பாக்ஸ் எண்ணைத்தான் பார்ப்பார். கம்பெனியில் பூட்டியது மாறியிருந்தால் விலை பாதியாகிவிடும்.

இந்தக் காரில் ஏழு இலக்கமும் ஆவணத்தோடு அச்சாகப் பொருந்தின. விற்பவள் கணவனை இழந்தவள். பாதி விலைக்குத் தானே வாங்கிவிட நினைத்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டு அவளை உள்ளே அனுப்பிவிட்டு, கடைசி இலக்கத்தை அரத்தால் ராவி எடுத்தார். அவள் திரும்பி வரும் காலடி கேட்டதும் காருக்கடியிலிருந்தே சொன்னார்:

"கியர்பாக்ஸ் மாத்தினதும்மா. உங்க வீட்டுக்காரர் உங்களை நல்லா ஏமாத்தியிருக்காரு."

அவள் குரல் மாறவில்லை. "அந்த நம்பரைப் பேப்பர்ல பென்சிலால தேய்ச்சு எடுத்துக் குடுங்க."

கடைசி இலக்கம் இருந்த இடம் வழவழவென்றிருந்தது. எண்ணின் மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்தார். ஏழு இலக்கமும் வந்தன. இன்னும் ஆழமாக ராவிவிட்டுத் தேய்த்தார். இம்முறை ஆறுதான் வந்தன. மணிக்கட்டு சுரீரென்றது.

வெளியே வந்து கிரீஸைத் துடைத்தார். அந்தக் கடைசி இலக்கம் அவர் தோலில் ஆழமாகப் பதிந்திருந்தது. ரத்தம் இல்லை.

அவள் தண்ணீரோடு, இஸ்திரி போட்ட முழுக்கைச் சட்டையொன்றையும் நீட்டினாள்.

"போட்டுக்குங்க, அளவு சரியா இருக்கும். இந்தக் காரை வாங்கறப்ப எங்க வீட்டுக்காரரும் இப்படி அரம் போட்டுப் பாத்தவர்தான். மொதல்ல மணிக்கட்டுல ஒண்ணுதான் வந்துச்சு. ஏழும் வர்ற வரைக்கும் இதைத்தான் போட்டுக்கிட்டிருந்தாரு."