கொரகொரக்காத வாக்கி டாக்கி

சித்ராதேவிக்கு இடது குதிகாலில் ஆணி அறைந்த மாதிரி வலி. ரோட்டைத் தாண்டி, எதிர்ப் பேக்கரிக்குப் பக்கத்துச் சந்துக்குள் நுழைந்து, சுவரைப் பார்த்து நின்று, "கேக்குதுங்க, கேக்குதுங்க" என்று கத்திவிட்டு நொண்டிக்கொண்டே திரும்பி வந்தாள். இது இரண்டாவது நடை.

"எப்படிப் புள்ள?" என்றான் கடைவாசலில் நின்ற அவள் புருஷன் முருகவேல்.

"இதுலயும் எண்ணெய்ச்சட்டியில வடகம் பொரியுதுங்க மாமா. நடுவுல உங்க கொரலு முங்கி முங்கி எந்திரிக்குது."

"ஆறாயிரத்துக்கும் வடகம், நாலாயிரத்துக்கும் வடகமா?" முருகவேல் வாக்கி டாக்கி ஜோடியைக் கடைக்காரர் மகுடேஸ்வரனின் மேசைமேல் வைத்தான். "ஏனுங்க, பேசறதுக்கு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

மகுடேஸ்வரன் அப்போது கேமரா வாங்க வந்த கம்பெனிக்காரர்களிடம் மாட்டியிருந்தார். "அந்தக் கண்ணாடிப் பொட்டியில மஞ்சக் கலர்ல ஒரு ஜோடி இருக்குது பாருங்க. ஆயிரத்து எண்ணூறுதான். பாத்துட்டு இருங்க, வந்தர்றேன்."

இருவரும் மங்கலத்தில் தறி ஓட்டுகிறவர்கள். ஒரே குடோனில், எதிரெதிர் வரிசையில், பதினெட்டு வருஷம். அந்த இரைச்சலில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதற்காக இரண்டு பேரும், ஒருத்தர் வாயசைவை ஒருத்தர் பார்த்தே, ஒரு நாள்கூடச் சண்டை போடாமல் இருந்ததில்லை.

தைப்பூசத்துக்குக் குடோன் ஆட்கள் இருபத்திரண்டு பேர் பழனிக்கு நடக்கிறார்கள். போன வருஷம் சோற்று வேன் ஒரு பக்கம் போக, நடந்தவர்கள் வேறு பக்கம் போக, தாராபுரம் ரோட்டில் பொழுது சாயும்வரை பச்சைத்தண்ணீர்தான். அத்தனை கூட்டத்தில் ஒருத்தர் செல்போனிலும் டவர் இல்லை. சித்ராதேவி மயங்கியே விழுந்தாள்.

அதனால்தான் இந்த வருஷம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, வேனில் ஒன்று, நடப்பவர்களிடம் ஒன்று என வாக்கி டாக்கி வாங்க இவர்களை அனுப்பியிருந்தார்கள். "வாய் ஓயாத ஜோடி, நீங்கதான் அதுக்குச் சரி" என்றாள் பாவு நூல் பிணைக்கிற வெள்ளையம்மாள். "ஆனா இந்தத் தடவையும் சோறு தப்புச்சுது, உங்க ரெண்டு பேரையும் அடுப்புல ஏத்தீருவோம்."

முருகவேல் மஞ்சள் செட்டைக் கையில் எடுத்தான். முகம் மலர்ந்துவிட்டது. "ஏம்புள்ள, இலவம்பஞ்சு கணக்கா இருக்குது! பழனி வரைக்கும் சொமக்க இதுதான். போ, ஒருக்காப் பேசிப் பாத்தர்லாம்."

"சந்து வரைக்கெல்லாம் என்னால ஆகாதுங்க. காலு உட்டுப் போகுது." அவள் ஜோடியில் ஒன்றை வாங்கிக்கொண்டு ரோட்டைத் தாண்டியதோடு சரி. பேக்கரி வாசல் பெஞ்சில், கடையைப் பார்த்து, காலை நீட்டி உட்கார்ந்துவிட்டாள்.

டவுன் பஸ் ஒன்றும், ஆட்களை ஏற்றிய கம்பெனி வேன்கள் இரண்டும் ஹாரனை அழுத்திக்கொண்டே போயின. அவை ஒழிந்ததும் முருகவேல் செட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தான்.

"ஏம்புள்ள, கேக்குதா?"

"ஐயோ மாமா!" சித்ராதேவி பெஞ்சில் துள்ளினாள். "பக்கத்துல உக்காந்து பேசற மாதிரி இருக்குதுங்க! ஒரு கொரகொரப்பு இல்ல!"

"எனக்கும் அப்படியேதான். சும்மா சொல்லக்கூடாது, சாமான்னா இது சாமான். நாலு வார்த்தை பேசிப் பாக்கோணுமே. உன்ர அம்மா வெச்ச ரசம் இருக்குதே, அதுல துணி அலசலாம்."

"கேட்டுச்சு, கேட்டுச்சு. இன்னிக்கு உங்களுக்குச் சோறு கெடையாது."

"அடேங்கப்பா, எத்தனை தெளிவு!" முருகவேலுக்குச் சிரிப்பு தாளவில்லை. சித்ராதேவி வலியை மறந்து பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தாள். பேக்கரியில் டீ குடித்தவர்கள் டம்ளரோடு எட்டிப் பார்த்தார்கள்.

முருகவேல் உள்ளே ஓடி, ஆயிரத்து எண்ணூறை எண்ணி மேசைமேல் வைத்தான். கேமராக்காரர்களை அனுப்பிவிட்டு அப்போதுதான் திரும்பிய மகுடேஸ்வரன், "பேசிப் பாக்கலீங்களா?" என்றார்.

"பேசியாச்சுங்க! ஆறாயிரத்துச் செட்டெல்லாம் இதுக்குக் கால்தூசி. நம்பலைன்னா வந்து பாருங்க." அவரை வாசலுக்கு இழுத்து வந்து செட்டை உயர்த்தினான். "ஏம்புள்ள, மிச்சக் காசுல ஆளுக்கொரு தேங்காய் பன்னும், உன்ர காலுக்குத் தைலமும் வாங்கீரு!"

அந்தப் பக்கம் சித்ராதேவி தலையை ஆட்டினாள். இடுப்பில் செருகியிருந்த பணத்தை எடுத்து, பேக்கரிக்காரரிடம் இருபத்திரண்டு என்று இரண்டு விரலை இரண்டு தடவை காட்டினாள். அவர் பன்களைப் பெட்டியில் அடுக்க ஆரம்பித்தார். அவள் பக்கத்து மருந்துக்கடைக்கு நொண்டினாள்.

"பாத்தீங்களா? இங்க சொன்னா அங்க நடக்குது! இந்த வருஷம் வேன் எங்க போனாலும் சோறு எங்க கையில."

மகுடேஸ்வரன் வாயைத் திறந்தபடியே நின்றார். முருகவேல் கையிலிருந்த செட்டை வாங்கி, புரட்டி, முதுகுப்பக்கத்து மூடியை விரலால் நெம்பினார். உள்ளே எட்டிப் பார்த்தார். அப்புறம் எதிரே மருந்துக்கடையில் நின்றவளைப் பார்த்தார், இவனைப் பார்த்தார்.

"இது வெறும் செட்டுக்கு உண்டான காசுங்க, பேட்டரி ரெண்டும் இன்னும் என்ர டிராயர்லதான் கெடக்குது, அதுக்கு அறுநூறு ரூவா பாக்கி."